அண்ணாச்சியைக் கேளுங்கள்: பனிவண்டிக்கும் பல்லைப் பிடித்துப் பார்

போன இதழில் வள்ளியூர் வாசகர் ஒருவர், பனியில் நிற்கிற பழைய செயின் வண்டி ஒன்றின் படத்தை அனுப்பி, 'இது என்ன மாடல் அண்ணாச்சி?' என்று கேட்டிருந்தார். நானும் அச்சுக்குப் போகிற அவசரத்தில், 'டேங்க் ஜாதி, ஏதோ ராணுவ வண்டி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். தப்பு. அது ஸ்வீடன் நாட்டில் செய்த ஸ்னோ டிராக். டேங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டை ரோட்டில் 31 வருஷம் டிராக்டரும் அறுவடை மிஷினும் பிரித்துப் பூட்டிய மனுஷன் இப்படியா பதில் சொல்வது என்று கடிதம் மேல் கடிதம்.

கூடவே படங்களும் வந்து குவிந்துவிட்டன. நம் சீமையில் பனை தெரியும், பனி என்றால் மார்கழியில் விடியக்காலம் துண்டை நனைக்கிற சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் நார்வே, கனடா, அமெரிக்கா என்று எங்கெங்கோ எடுத்த பனிவண்டிப் படங்கள் நம் ஊர் போன்களில் கிடக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

"எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. மேலே ஒரு பெட்டி, அடியில் செயின். எதை வைத்து மாடல் சொல்வது?"
*(இன்ஜினியரிங் மாணவர், பாளையங்கோட்டை)*

தம்பி, ஒரு செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். விற்கிறவன் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, நெற்றியில் பொட்டு வைத்து நிறுத்தியிருப்பான். புதுசாக வாங்க வந்தவன் அதைத்தான் பார்ப்பான். பழம் தின்று கொட்டை போட்ட ஆள் நேரே போய் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார், ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று. அப்புறம் குளம்பு. பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

பனிவண்டிக்கும் அதே கணக்குதான். மாட்டுக்குப் பல், இதற்குப் பல்சக்கரம். பெயின்டை நம்பாதீர்கள், கேபினை நம்பாதீர்கள், ஏன், பெயர்ப்பலகையைக்கூட நம்பாதீர்கள். அறுபது எழுபது வருஷத்து வண்டி, எத்தனை கை மாறியிருக்கும்! இன்ஜினை மாற்றியிருப்பான், கதவை மாற்றியிருப்பான், மேலே சொந்தமாகத் தகரக் கூரை போட்டிருப்பான். காலை மட்டும் லேசில் மாற்ற முடியாது, அதில்தான் ஜாதகம் இருக்கிறது.

முதலில் பட்டையை, அதாவது அடியில் சுற்றுகிற அந்தச் செயினை, எண்ணுங்கள். பின்னால் ரெண்டு பட்டை, முன்னால் சறுக்குக் கட்டை இருந்தால் அநேகமாகக் கனடாவின் பம்பார்டியர், இல்லையென்றால் ஆதிகாலத்து டக்கர். நாலு மூலைக்கு நாலு தனித்தனிப் பட்டை என்றால் டக்கர் ஸ்னோகேட், அதிகம் யோசிக்க வேண்டாம். ரெண்டே ரெண்டு நீளப் பட்டை என்றால்தான் தலைவலி. வீசல், மஸ்கெக், ஸ்னோ டிராக், கிரிஸ்டி, தயோகால் எல்லாமே அந்தக் கூட்டம். ரயில் பெட்டி மாதிரி ரெண்டு உடம்பைக் கோத்துவிட்டிருந்தால் ஸ்வீடன் பக்கத்து வோல்வோ, ஹேக்லண்ட்ஸ்.

அடுத்தது, பட்டையை இழுக்கிற பல்சக்கரம் முன்னாலா பின்னாலா. மூன்றாவது, பட்டைக்குள் உருள்கிறவை சின்ன இரும்புச் சக்கரங்களா, காற்றடித்த டயரா, இல்லை சக்கரமே கண்ணில் படவில்லையா. ஜன்னலும் கதவும் இதெல்லாம் முடிந்த பிறகு.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. ஒரு பிசான அறுவடை, மாசி கடைசி, செய்துங்கநல்லூர் பக்கம் ஒரு வயல். நெல் அறுக்கிற செயின் வண்டி ஒன்று பல்சக்கரம் தேய்ந்து, திரும்பும்போதெல்லாம் பட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றது. நான் போனேன், வண்டி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன், அந்த மாடல் பேரைச் சொல்லி வெளியூருக்குப் போன் போட்டுப் பாகம் வரவழைத்தேன். பஸ்ஸில் ரெண்டாம் நாள் வந்தது. பூட்டினால் பல் உட்காரவில்லை. பட்டையின் ஓட்டைக்கும் பல்லுக்கும் ஒரு விரற்கடை வித்தியாசம். முன்னால் வைத்திருந்த ஆள் வேறொரு வண்டியின் அடிப்பாகத்தை மொத்தமாகக் கழற்றி இதில் ஏற்றியிருக்கிறான்! அன்றைக்கு ராத்திரி மழை வேறு பெய்து, பாதி வயல் சாய்ந்துவிட்டது. வயல்காரர் திட்டக்கூட இல்லை, வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, வண்டி மேல எழுதியிருக்கத வாசிச்சுதான் வைத்தியம் பாத்தீகளோ?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எந்தச் செயின் வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து பல்லை எண்ணிவிட்டுத்தான் நிமிர்வேன்.

"நார்வேயில் இருக்கும் மருமகன் அனுப்பிய படம். முன்பக்கம் படகு மாதிரி மூக்கு, பின்னால் ரெண்டு பலகை தொங்குகிறது. பனி வண்டியா, படகா?"
*(வாசகர், தென்காசி)*

ரெண்டும்தான் ஐயா. இது அமெரிக்காவின் ஸ்டூடிபேக்கர் கம்பெனி செய்த வீசல், அதிலும் எம்-29 சி. போன இதழில் நான் சொன்ன 'ராணுவ வண்டி' பதில் இதற்குச் சரியாக இருந்திருக்கும், என்ன செய்ய, கேள்வி முன்னால் வந்துவிட்டது.

ரெண்டாம் உலகப் போரில், 1942 வாக்கில், ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த நார்வேக்குள் பனிக்காலத்தில் சின்னப் படையை இறக்கிக் குழப்பம் பண்ணலாம் என்று ஜெஃப்ரி பைக் என்கிற இங்கிலாந்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். அதற்காகப் பிறந்த வண்டி. கடைசியில் அந்த நார்வே திட்டம் நடக்கவே இல்லை, வண்டி மட்டும் தங்கிவிட்டது. இத்தாலியில் சேற்றிலும் பசிபிக் தீவுகளின் மணலிலும் ஓடியது. சுமார் 15,000 செய்தார்கள். போர் முடிந்ததும் உபரியாக விற்றார்கள், அதனால்தான் இன்றைக்கும் உங்கள் மருமகன் கண்ணில் படுகிறது.

இதில் மூன்று வகை. முதலில் வந்தது எம்-28. அதில் இன்ஜின் பின்னால், பல்சக்கரம் முன்னால். அது அவ்வளவு சரிப்படவில்லை என்று எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்கள். எம்-29இல் இன்ஜின் முன்னால், டிரைவருக்கு வலது பக்கம், பல்சக்கரம் பின்னால். அந்த எம்-29க்கே முன்னும் பின்னும் மிதவைத் தொட்டி வைத்து, பின்னால் ரெண்டு சுக்கான் மாட்டினால் எம்-29 சி. உங்கள் படத்தில் தொங்குகிற ரெண்டு பலகையும் அந்தச் சுக்கான்தான், தண்ணீரில் இறக்கிவிட்டுக்கொள்ளலாம், தரையில் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். தண்ணீரில் இதற்குத் தனி விசிறி கிடையாது, பட்டை சுற்றுகிற வேகத்தில்தான் நகரும், அதனால் குளம் குட்டைக்குச் சரி, அலையடிக்கிற கடலுக்கு ஆகாது.

ஒரு எச்சரிக்கை. மிதவைத் தொட்டிகளைக் கழற்றிப் போட்டுவிட்ட எம்-29 சிகளும் உலகத்தில் இருக்கின்றன, மூக்கு மொட்டையாக இருக்கிறதே என்று சாதா எம்-29 என எழுதி வைத்துவிடாதீர்கள். தொட்டி பூட்டியிருந்த இடத்தின் அடையாளத்தைத் தேடிப் பார்க்கணும்.

"இவ்வளவு கனமான இரும்பு எப்படிப் பனியில் புதையாமல் போகிறது?"
*(பள்ளி மாணவி, களக்காடு)*

உங்கள் தாத்தாவிடம் பரம்படித்த கதையைக் கேளம்மா. தொளி கலக்கிய வயலில் நாம் கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அதே வயலில் பரம்புப் பலகை மேல் ஏறி நின்றால் ஆளோடு சேர்த்து வழுக்கிக்கொண்டு போகும். கனம் அதேதான், பரப்புதான் கூடிவிட்டது. நான் சொன்ன வீசலில், ஒரு சதுர அங்குலத்துக்கு விழுகிற பாரம் 2 பவுண்டுக்கும் கீழே. நீ ஒற்றைக் காலில் நின்றால் அதைவிட அதிகம். முதலில் 15 அங்குல அகலப் பட்டை போட்டார்கள், போதவில்லை என்று பிறகு 20 அங்குலம் ஆக்கினார்கள், அந்த அகலத்தை வைத்தும் முந்தினதா பிந்தினதா என்று சொல்லலாம்.

"பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு ஆரஞ்சு நிற வண்டி பெரிய பனிப் பிளவின் மேல் அந்தரத்தில் தொங்குகிறது. விவரம் கிழிந்துபோய்விட்டது. என்ன வண்டி, எங்கே?"
*(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, அம்பாசமுத்திரம்)*

டீச்சர், அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அண்டார்க்டிகாவில் எடுத்த புகழ்பெற்ற படம் அது. வண்டி, டக்கர் ஸ்னோகேட், மாடல் 743.

பெயரே டக்கர்! எம்மிட் டக்கர் என்பவர் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து மெட்ஃபோர்டில் செய்த வண்டி. 'ஸ்னோகேட்' என்பது அவர் வண்டிக்கு வைத்த பெயர்தான், பின்னால் ஊரில் எந்தப் பனிவண்டியைக் கண்டாலும் ஸ்னோகேட் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், நம் ஊரில் மண் தோண்டுகிறதெல்லாம் ஜேசிபி ஆன மாதிரி. அடையாளம் பார்க்கும்போது முதல் குழப்பமே இதில்தான்.

உண்மையான டக்கரைக் கண்டுபிடிக்க நாலு பட்டை. அது தெரிந்ததுதான். அதைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு. மற்ற வண்டிகளில் பட்டைக்குள்ளே சக்கரங்கள் வரிசையாகத் தெரியும். பழைய டக்கரில் தெரியாது, படகைக் கவிழ்த்த மாதிரி ஒரு இரும்பு மிதவை இருக்கும், ஏணிப்படி மாதிரி கட்டை கோத்த செயின் அந்த மிதவையைச் சுற்றி ஓடும். மிதவை ஒவ்வொன்றும் தன் அச்சில் மேலும் கீழும் ஆடும். திரும்பும்போது முன் அச்சும் திரும்பும், பின் அச்சும் எதிர்ப் பக்கமாகத் திரும்பும். ஒரு பக்கத்துப் பட்டையை நிறுத்தி இழுக்கிற வேலை இதில் இல்லை, அதனால் திரும்பும்போது பனியை அவ்வளவாக உழுதுபோடாது. பிற்காலத்து டக்கர்களில் ரப்பர் பட்டை வந்துவிட்டது, ஏணிச் செயின் இருந்தால் பழசு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் படம். விவியன் ஃபுக்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் காமன்வெல்த் குழு அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தரைவழியாகக் கடந்தது. 1957 நவம்பர் 24இல் ஷேக்கிள்டன் முகாமிலிருந்து கிளம்பி, 1958 ஜனவரி 19இல் தென் துருவம், மார்ச் 2இல் ஸ்காட் முகாம். 99 நாள், கிட்டத்தட்ட 3,470 கிலோமீட்டர். கிளம்பும்போது ஸ்னோகேட்டும் இருந்தது, வீசலும் இருந்தது, ஒரு மஸ்கெக் டிராக்டரும் இருந்தது. மறு கரைக்குப் போய்ச் சேர்ந்தது நாலு ஸ்னோகேட் மட்டும்தான், மற்றதெல்லாம் வழியிலேயே விட்டாச்சு.

பனிப் பிளவுக்கு மேல் மெல்லிய பனி மூடி பாலம் மாதிரி கிடக்கும், மேலே இருந்து பார்த்தால் சமதளம்தான். ஃபுக்ஸ் ஏறி வந்த வண்டியே அப்படி ஒன்றில் முன்னங்காலை விட்டுவிட்டது. அந்த வண்டிக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயர் 'ராக் அண்ட் ரோல்'. படத்தை இப்போது ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், முன் பட்டை பிடிப்பில்லாமல் கீழே தொங்கும், வண்டியின் உடம்பு பிளவுக்குக் குறுக்கே உத்தரம் மாதிரி கிடக்கும். நீளமான உடம்பு, நாலு மூலையிலும் தனித்தனிக் கால், அதனால் மொத்தமாக உள்ளே போகவில்லை. மற்ற வண்டிகளைக் கட்டி இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள். இந்தப் படம் கையில் இருக்கிற யாரும் டக்கரை வேறெந்த வண்டியோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை, அதன் கால் முழுசும் ஆகாயத்தில் தெரிகிறது பாருங்கள்.

மறு கரை சேர்ந்த அந்த நாலு ஸ்னோகேட்டில் 'ஏபிள்' என்கிற வண்டி நியூசிலாந்தில் கிறிஸ்ட்சர்ச் நகரின் கான்டர்பரி அருங்காட்சியகத்துக்குப் போனது.

"எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, டிராக்டரிலேயே தென் துருவம் போனாராமே? அளக்கிறார்களா?"
*(வாசகர், நாங்குநேரி)*

அளக்கவில்லை. மேலே சொன்ன அதே பயணம்தான், எதிர்ப் பக்கத்திலிருந்து ஹிலாரி ஃபெர்குசன் டிஇ-20 டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு வந்து, 1958 ஜனவரி 4இல், ஃபுக்ஸுக்கு ரெண்டு வாரம் முன்னாலேயே துருவத்தைத் தொட்டுவிட்டார். விவசாயத்துக்குச் செய்த வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் கூடுதலாக ஒரு சக்கரம் வைத்து மொத்தத்தையும் சேர்த்துப் பட்டை சுற்றிவிட்டார்கள். படத்தில் அடையாளம் காண்பது சுலபம், பட்டையை மனசில் கழற்றிவிட்டுப் பாருங்கள், நம் வரப்போரத்தில் நிற்கிற டிராக்டர்தான். 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி போட்ட மேசி ஃபெர்குசனும் அதே வம்சம். என் பட்டறையில் எத்தனை மேசிக்கு கிளட்ச் மாற்றியிருப்பேன், ஒன்றுகூட வாய் திறந்து 'எங்க பெரியப்பா தென் துருவம் போனவராக்கும்' என்று சொன்னதில்லை.

"கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய படத்தில், பக்கவாட்டில் வட்ட வட்டமாக ஜன்னல் வைத்த ஒரு வண்டி, முன்னால் சறுக்குக் கட்டை. பேத்தி அதை 'கப்பல் பஸ்' என்கிறாள். என்ன வண்டி அண்ணாச்சி?"
*(வாசகி, சிவகிரி)*

பேத்திக்கு நல்ல கண்ணு தாயீ. அது பம்பார்டியர் பி-12. எங்கள் மகளும் கியூபெக் பக்கம்தான், ரெண்டு குளிர்காலம் அங்கே போய் இருந்திருக்கிறேன், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (அந்த ஊர்க்காரர்கள் 'பொம்பார்டியே' என்கிறார்கள், நான் சொல்லும் உச்சரிப்பைக் கேட்டு என் பேரன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!)

கியூபெக்கில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். ஜோசப் அர்மான் பம்பார்டியர் 1907இல் பிறந்தது அங்கேதான், வாலிபத்தில் கார் ரிப்பேர் பட்டறை போட்டதும் அங்கேதான். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் ரோட்டில் பனியை அள்ள மாட்டார்கள், கார் எல்லாம் கொட்டகைக்குள், குதிரை பூட்டிய சறுக்கு வண்டிதான் கதி. அவர் பனியில் ஓடுகிற வண்டி செய்யப் பல வருஷமாக முட்டிக்கொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய ரெண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி. ஆஸ்பத்திரி தூரம், ரோடு முழுக்கப் பனி, பட்டறையில் அவர் செய்துகொண்டிருந்த வண்டி பாதியில் பிரித்துக் கிடக்கிறது. பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் கண்டுபிடித்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்: ரப்பர் போர்த்திய பல்சக்கரம். 1937இல் காப்புரிமை வாங்கினார். வெறும் இரும்புப் பல்லாக இருந்தால் பனி அப்பி, இறுகி, கல்லாகி, பட்டையைக் கழற்றிவிடும். ரப்பர் என்றால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். வால்கூரில் அவருடைய பழைய பட்டறையை அப்படியே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே இந்தச் சக்கரத்தின் முன்னால் நான் நின்ற நேரத்தில் என் மகள் மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு வந்து, "அப்பா, இன்னும் இதையேவா?" என்றாள். கொழுகொழுவென்று, வயசான யானையின் கால் நகம் மாதிரி இருந்தது ஒவ்வொரு பல்லும். மரப்பட்டறையும் இரும்புப் பட்டறையும் கலந்த வேலை. பார்த்தால் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும், தோன்ற வேண்டுமே.

சரி, அடையாளத்துக்கு வருகிறேன். பெயரிலேயே கணக்கு இருக்கிறது: முதலில் வந்த பி-7இல் ஏழு பேர், 1940களின் தொடக்கத்தில் வந்த பி-12இல் பன்னிரண்டு பேர், சி-18 அதைவிட நீளம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. மூன்றுக்கும் முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் பட்டை. பட்டைக்குள் ஓடும் சக்கரம் ஆரக்கால் வைத்ததாக இருந்தால் பி-7 பக்கம் சாயலாம். பி-12க்கு முழுத் தட்டு மாதிரி மூடிய சக்கரம் போட்டார்கள், ஆரக்கால் நடுவில் பனி சேராமல் இருக்க. அப்புறம் உங்கள் பேத்தி சொன்ன கப்பல் ஜன்னல். இன்ஜின் பின்னால் இருக்கும், அதனால் மூக்கு உருண்டு சரிந்து இறங்கும், நம் ஊர்க் கார் மாதிரி பானெட் நீட்டிக்கொண்டு இருக்காது. தபால், டாக்டர், பள்ளிக்கூடம், ஏன், சவ ஊர்வலம் வரைக்கும் இதில்தான்.

1948இல் கியூபெக் அரசு ரோட்டில் பனியை அள்ளியே தீரணும் என்று சட்டம் போட்டது. ஜனங்களுக்கு நல்லது, இவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அவர் உடனே ரோடில்லாத இடத்துக்கு வண்டி செய்யப் போய்விட்டார். அப்படி 1953இல் வந்தது மஸ்கெக், சதுப்பு நிலத்துக்கு, சறுக்குக் கட்டை இல்லாமல் ரெண்டு பக்கமும் முழு நீளப் பட்டை. 1959இல் ஒற்றை ஆள் ஓட்டுகிற ஸ்கி-டூ. அதற்கு 'ஸ்கி-டாக்' என்று வைக்க நினைத்தது அச்சுப்பிழையில் 'ஸ்கி-டூ' ஆகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். இந்தப் பத்திரிகையில் என் கேள்வி பதிலுக்கு நேர்கிற அச்சுப்பிழைகளும் ஒருநாள் அப்படி அதிர்ஷ்டம் கொண்டுவரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் தம்பி ஒரு பழைய பனிவண்டி விலைக்குப் பார்க்கிறான். ஒன்றில் 'தயோகால்' என்றும், அதே மாதிரி இன்னொன்றில் 'டிஎம்சி' என்றும், மூன்றாவதில் 'எல்எம்சி' என்றும் பலகை இருக்கிறது. எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?"
*(வாசகர், கடையநல்லூர்)*

மூன்றும் ஒரிஜினல். வீடு ஒன்றுதான், வாசல் போர்டுதான் மாறியது. தயோகால் என்பது ராக்கெட் இன்ஜின் செய்த கம்பெனி, விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் அவர்கள் செய்ததுதான். அவர்களே யூட்டாவின் லோகன் நகரில் பனிவண்டியும் போட்டார்கள், சின்னது இம்ப், நடுத்தரம் ஸ்ப்ரைட் என்று. 1978இல் அந்தப் பிரிவை ஜான் டிலோரியன் வாங்கினார், அதே ஸ்டீல் உடம்புக் காருக்குப் பேர்போன டிலோரியன்தான். பலகை டிஎம்சி ஆனது. பிறகு அது கைமாறி எல்எம்சி. ஆக, பலகை வைத்து வருஷத்தை ஓரளவு சொல்லலாம், 'டிலோரியன் செய்தது' என்று விற்கிறவன் கூடுதல் விலை கேட்டால் மட்டும் உங்கள் தம்பி சிரித்துவிட்டு நடந்துவிடட்டும்.

இந்த வண்டிகளை ரெண்டு கைப்பிடியால் ஓட்டணும். இடது பக்கம் இழுத்தால் இடது பட்டை மட்டுப்படும், வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரதவீதி முக்குத் திரும்பும்போது ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறார்களே, அதே தத்துவம். வாங்குகிறதுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் திருப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் மட்டும் மந்தமாகத் திரும்பினால் உள்ளே பிரேக் பட்டை போயிருக்கும். பெயின்ட் எவ்வளவு பளபளப்பு என்பது பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

"நான் செயின் வண்டி டிரைவர். எங்கள் வண்டியில் லீவர்தான். ஸ்னோ டிராக்கில் கார் மாதிரி ஸ்டியரிங் இருக்கிறதாமே, ரெண்டு பட்டையை வைத்துக்கொண்டு அது எப்படி?"
*(வாசகர், சேரன்மகாதேவி)*

நல்ல கேள்வி மாப்ளே, வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் இது தோன்றும். உங்கள் வீட்டில் ஆக்டிவா நிற்கிறதா? அதில் கியர் கிடையாது, ரெண்டு தட்டு நடுவில் ஒரு பெல்ட், தட்டு விரிந்து சுருங்குவதை வைத்து வேகம் மாறுகிறது இல்லையா. ஸ்னோ டிராக்கிலும் அந்த மாதிரி பெல்ட்டும் விரிகிற தட்டும்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தட்டின் விரிவு மாறும், ஒரு பட்டை வேகம் கூடும், மற்றது குறையும். எந்தப் பட்டையையும் நிறுத்துவதில்லை, ரெண்டுமே இழுத்துக்கொண்டே திரும்பும், அதனால் வண்டி திணறாது. மேலே உட்கார்ந்து பார்த்தால் கார் ஓட்டுகிற மாதிரியே இருக்கும்.

ஸ்வீடனின் ஆக்டிவ் கம்பெனி 1957இலிருந்து 1981 வரை போட்டது இது. ஆக்டிவ், ஆக்டிவா, பெயர்ப் பொருத்தமும் கூடிவந்துவிட்டது. இன்ஜின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் வந்த அதே காற்றில் குளிர்கிற இன்ஜின், ரேடியேட்டரும் இல்லை, உறைந்துபோகத் தண்ணீரும் இல்லை. சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், பழைய பீட்டில் ஸ்டார்ட் ஆகிற அந்தத் தகரச் சத்தம். படத்தில் சத்தம் கேட்காதே என்பீர்கள். அப்போது சின்னப் பெட்டி உடம்பும் உள்ளே வட்ட ஸ்டியரிங்கும் தெரிகிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் கொலராடோவில் செய்த கிரிஸ்டியும் இதே அளவுச் சின்ன வண்டிதான், ஆனால் அதில் ஒவ்வொரு பக்கத்துப் பட்டையையும் தனியாக ஏற்றி இறக்கலாம், மலைச் சரிவில் குறுக்கே போகும்போதுகூட கேபின் நேராக நிற்கும். படத்தில் வண்டி நேராகவும் பட்டைகள் ஒன்று மேலே ஒன்று கீழேயுமாக இருந்தால் கிரிஸ்டி.

"இந்தியாவுக்கு இந்த மாதிரி வண்டி வந்ததுண்டா?"
*(வாசகர், சங்கரன்கோவில்)*

1931லேயே வந்துவிட்டது. சிட்ரோயன் கம்பெனியின் பிரெஞ்சுக் குழு ஒன்று பின் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை மாட்டிய கெக்ரெஸ் வண்டிகளில் ரெண்டை ஸ்ரீநகரிலிருந்து கில்கித் வரை இமயமலைக் கழுதைப் பாதையில் ஏற்றிக் கொண்டுபோனது. ஓட்டிக்கொண்டு போனது என்று முழுசாகச் சொல்ல முடியாது, சில இடத்தில் பிரித்து ஆள் சுமந்திருக்கிறார்கள். இந்தப் பட்டையைச் செய்த அடோல்ஃப் கெக்ரெஸ், ரஷ்ய ஜார் மன்னரின் கார் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர். இன்றைக்கு அண்டார்க்டிகாவில் நம் மைத்ரி நிலையத்தில் ஓடுவது ஜெர்மனியின் பிஸ்டன்புல்லி.

"ஒரு பழைய வீசலை இறக்குமதி செய்து நம் ஊரில் ஓட்டினால் எப்படி இருக்கும்?"
*(வாசகர், வீரவநல்லூர்)*

பிசான வயலில் ஜம்மென்று போகும், அதற்குச் சேறு புதுசில்லை. தார் ரோட்டில் ஏற்றினால் பட்டை தேய்ந்து போய்விடும், சித்திரை வெயிலில் உள்ளே இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் நீங்கள் அவிந்துபோவீர்கள். லைசென்ஸ் கேட்கிற போலீஸ்காரரிடம் என்ன வண்டி என்று சொல்வீர்கள், அது தனிக் கேள்வி, அதற்கு என்னிடம் வராதீர்கள்.

கடைசியாக வள்ளியூர் வாசகருக்கு: உங்கள் வண்டி ஸ்னோ டிராக் குடும்பம் என்று முடிவாகிவிட்டது. ஆனால் அதிலேயே பட்டை அகலமான ஸ்னோ மாஸ்டர் என்று ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தில் பட்டைக்கு முன்னால் உங்கள் மச்சான் நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி எடுத்த வேறு படம் இருந்தால் அனுப்புங்கள்.